உள்நாட்டுப் போரில் அந்நியப் படை இறங்கினால்: கோப்பு போட்டுப் பின்தொடரும் முறை

ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து இன்னொரு நாட்டின் படை உள்ளே போகிறது. அன்றைக்கு வரும் செய்திகளில் பாதிக்கு மேல் நோக்கத்தைப் பற்றியவையாகவே இருக்கும்: மக்களைக் காக்க, பயங்கரவாதத்தை ஒழிக்க, அமைதியை நிலைநாட்ட. நோக்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றையும் கணிக்க முடியாது, ஏனென்றால் எல்லாப் படைகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொண்டு வருகின்றன. யார் கூப்பிட்டார்கள், தாளில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை பேர் போகிறார்கள், எரிபொருள் எந்த வழியாகப் போகிறது, சம்பளம் யார் பொறுப்பு என்ற ஐந்தையும் தெரிந்துகொண்டால் ஓரளவு கணிக்கலாம். இவற்றைத் திரட்டி ஒழுங்காக வைக்கும் முறை இது. செய்தி எழுதுபவர், ஆய்வு மாணவர், அந்த நாட்டில் சொந்தபந்தம் இருப்பவர் என்று யாரும் செய்யலாம். ஒரு விரிதாள், ஒரு கோப்புறை, தினமும் அரை மணி நேரம் இருந்தால் போதும்.

முதல் நாள்

விரிதாளில் ஏழு நெடுவரிசைகள் போடுங்கள்: சம்பவம் நடந்த நாள், அது அறிவிக்கப்பட்ட நாள், இடம், சொன்னவர், சொன்னதன் சுருக்கம், மறுத்தவர், மூலத்தின் சேமித்த நகல். முதல் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ரஷ்ய விமானங்கள் சிரியாவில் குண்டு வீசத் தொடங்கியது 2015 செப்டம்பர் 30 அன்று. அங்கே ரஷ்யா பயன்படுத்திய ஹ்மெய்மிம் விமானத்தளத்துக்கான ஒப்பந்தமோ ஆகஸ்ட் 26லேயே கையெழுத்தாகிவிட்டது, அதன் வாசகம் வெளியே வந்தது 2016 ஜனவரியில். இந்த மூன்று தேதிகளையும் தனித்தனியாகக் குறித்து வைத்தவருக்குத்தான் முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்பது தெரியும்.

நேரத்தை ஒரே கணக்கில் எழுதுங்கள். உலகப் பொது நேரம் நல்லது. இரவு 11 மணிக்கு நடந்த ஒரு தாக்குதலை ஓர் ஊடகம் முதல் நாள் கணக்கிலும் இன்னொன்று மறுநாள் கணக்கிலும் போடும். பட்டியலில் அது இரண்டு தாக்குதலாகிவிடும்.

பழைய வரியை அழித்துவிட்டுப் புதிய தகவலை எழுதாதீர்கள். கீழே புதிய வரியாகச் சேருங்கள். 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் சுட்டதில் 42 பேர் இறந்தார்கள். படையினருக்கு ஆபத்தாக இருந்தவர்களைக் குறிவைத்தபோது அருகில் சேதம் ஏற்பட்டிருக்கலாம் என்று முதல் நாள் சொன்னார்கள். ஆப்கான் படை கேட்டுக்கொண்டதால் தாக்கினோம் என்றார்கள் 5ஆம் தேதி. முடிவு அமெரிக்கக் கட்டளைச் சங்கிலியில் எடுக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டது 6ஆம் தேதி. கடைசி வாசகத்தை மட்டும் வைத்திருந்தால் இந்த நகர்வு பதிவாகியே இருக்காது.

யார் கூப்பிட்டது

இதற்கு அதிக நேரம் செலவழியுங்கள். உள்ளே போகும் நாடு பொதுவாக மூன்று ஆதாரங்களில் ஒன்றைக் காட்டும். முதலாவது, ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் பாதுகாப்புச் சபை தரும் அனுமதி. 15 உறுப்பினர்களில் 9 பேர் ஆதரிக்க வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் எவரும் எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. இரண்டாவது, அந்த நாட்டு அரசின் அழைப்பு. மூன்றாவது, அதே சாசனத்தின் 51ஆம் சரத்து தரும் தற்காப்பு உரிமை. அப்படியானால் உடனே பாதுகாப்புச் சபைக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், அந்தக் கடிதங்கள் பொது ஆவணங்கள். சிரியாவுக்குள் தாக்கியதற்கு அமெரிக்கா கொடுத்த விளக்கம் 2014 செப்டம்பர் 23 தேதியிட்ட எஸ்/2014/695 என்ற கடிதத்தில் இருக்கிறது. ஈராக் கேட்டதால் அதன் தற்காப்புக்கு உதவுகிறோம் என்றும், சிரிய அரசு தன் மண்ணிலிருந்து எழும் ஆபத்தைத் தடுக்க முடியாத அல்லது விரும்பாத நிலையில் இருக்கிறது என்றும் அது வாதிடுகிறது.

இவை எதுவும் இல்லாமல் போன படைகளும் உண்டு. 1999 மார்ச் 24 முதல் 78 நாட்கள் நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டு வீசியது, பாதுகாப்புச் சபை அனுமதி இல்லாமலே. பிராந்திய அமைப்புகள் பலம் பயன்படுத்தவும் சபை அனுமதி வேண்டும் என்கிறது 53ஆம் சரத்து. ஆனாலும் 1990 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப்படை அந்த அனுமதிக்குக் காத்திராமல் லைபீரியாவில் இறங்கியது.

அழைப்பு என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அழைத்தவருக்கு அந்த நேரத்தில் என்ன அதிகாரம் இருந்தது? எழுத்தில் இருக்கிறதா? காலக்கெடு உண்டா? 1979 டிசம்பரில் ஆப்கான் அரசு அழைத்ததால் வந்ததாகச் சோவியத் யூனியன் சொன்னது. டிசம்பர் 27 இரவே அந்த அரசின் தலைவர் ஹஃபிசுல்லா அமீனைச் சோவியத் படையினர் கொன்றார்கள். அழைப்புக் கடிதங்களில் இதைவிட மோசமான முன்னுதாரணம் கிடைப்பது அரிது. யேமனில் 2015 மார்ச்சில் அழைத்த அதிபர் ஹாதி, தலைநகரை இழந்து நாட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார். ஆனாலும் பன்னாட்டு அங்கீகாரம் அவரிடமே இருந்தது. இரண்டையும் எழுதி வையுங்கள்.

யேமனிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. சவூதி தலைமையிலான கூட்டணி மார்ச் 26 அன்று தாக்கத் தொடங்கியது. பாதுகாப்புச் சபையின் 2216ஆம் தீர்மானம் ஏப்ரல் 14 அன்றுதான் வந்தது. அது தலைநகரைப் பிடித்திருந்த கிளர்ச்சிக் குழுவான ஹூதிகள் மீது ஆயுதத் தடை விதித்தது, கைப்பற்றிய இடங்களை விட்டு விலகச் சொன்னது. குண்டு வீச யாருக்கும் அது அதிகாரம் கொடுக்கவில்லை. ஆனாலும் ஐ.நா. அனுமதித்த போர் என்று இன்றும் எழுதுகிறார்கள். தீர்மானம் ஒன்று இருக்கிறது என்பதும் அது அனுமதி தருகிறது என்பதும் வேறு வேறு.

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கோப்பில் இதற்கென்று தனி வரி வேண்டும். 1998ல் காங்கோ ஜனநாயகக் குடியரசு தன் மண்ணில் இருந்த உகாண்டாப் படையை விலகச் சொன்னது. படை தங்கியது, இன்னும் பரவியது. 2005 டிசம்பர் 19 அன்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சம்மதத்தைத் திரும்பப் பெறத் தனிச் சடங்கு எதுவும் தேவையில்லை என்று சொன்னது. இலங்கையில் 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின் இணைப்பில், தேவைப்பட்டால் இந்திய அமைதி காக்கும் படைப்பிரிவை இலங்கை ஜனாதிபதி அழைக்கலாம் என்று இருந்தது. அழைத்தவர் ஜெயவர்தன. 1989 ஜூனில், ஜூலை 29க்குள் படை வெளியேற வேண்டும் என்று கேட்டவர் அடுத்து வந்த பிரேமதாச. கடைசிப் படைப்பிரிவு கப்பல் ஏறியது 1990 மார்ச் 24 அன்று. அழைத்த ஆட்சி மாறும் நாளைத் தேர்தல் நாட்காட்டியிலோ ராணுவப் புரட்சி வாய்ப்பிலோ முன்கூட்டியே தேடுங்கள். மாலியில் 2013 ஜனவரியில் பிரான்ஸை அழைத்தது ஓர் இடைக்கால அதிபர். 2020, 2021 ஆண்டுகளின் ராணுவப் புரட்சிகளுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. கடைசிப் பிரெஞ்சுப் படை 2022 ஆகஸ்ட் 15 அன்று வெளியேறியது. 2023 ஜூன் 16 அன்று ஐ.நா. படையையும் போகச் சொன்னார்கள்.

தீர்மானத்தை வாசிப்பது

ஐ.நா. ஆவணக் களஞ்சியத்தில் தீர்மான எண்ணைப் போட்டு முழு வாசகத்தையும் இறக்குங்கள். செய்திக்குறிப்பு போதாது. மேலே எண் இல்லாமல் வருபவை முகப்புரைப் பத்திகள். அவை வருத்தப்படும், நினைவுகூரும், கவலை கொள்ளும். அவற்றால் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. எண் போட்ட பத்திகளில்தான் வேலை நடக்கிறது. ஒவ்வொன்றின் வினையையும் வட்டமிடுங்கள். ‘முடிவு செய்கிறது’ என்றால் 25ஆம் சரத்துப்படி எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்தும். ‘அதிகாரமளிக்கிறது’ என்றால் விரும்பியவர் செய்யலாம். ‘கேட்டுக்கொள்கிறது’, ‘ஊக்குவிக்கிறது’ என்பவை பெரும்பாலும் வேண்டுகோள்தான். ‘தேவையான எல்லா நடவடிக்கைகளும்’ என்ற தொடர் வந்தால் ஆயுத பலத்துக்கு அனுமதி என்று பொருள்.

உதாரணமாக 2011 மார்ச் 17 அன்று லிபியாவுக்காக வந்த 1973ஆம் தீர்மானத்தின் 4ஆம் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுமக்களையும் அவர்கள் வாழும் பகுதிகளையும் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளுக்கும் அது அதிகாரமளிக்கிறது. எந்த வடிவிலும் அந்நிய ஆக்கிரமிப்புப் படை கூடாது என்று விலக்குகிறது. இவ்வளவையும் செய்திகள் சொன்னன. நடுவில் ஒரு சிறு சொற்றொடர் இருக்கிறது: 1970ஆம் தீர்மானத்தின் 9ஆம் பத்தி என்ன சொன்னாலும். அந்த 9ஆம் பத்திதான் லிபியா மீதான ஆயுதத் தடை. மக்களைக் காப்பதற்காகக் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுக்கலாம் என்ற வாதம் இந்தச் சொற்றொடரிலிருந்துதான் வந்தது. அந்த ஜூனில் நஃபூஸா மலைப்பகுதியில் ஆயுதங்களைப் பாராசூட்டில் போட்டதை பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. தீர்மானம் வந்த இரவே இந்த வரியைப் பிடித்தவருக்கு இது வியப்பாக இருந்திருக்காது.

அடுத்து, கூட்டத்தின் சொல்லுக்குச் சொல் பதிவை எடுங்கள். அதன் எண் எஸ்/பிவி என்று தொடங்கும். 1973க்கு 10 நாடுகள் ஆதரவு. பிரேசில், சீனா, ஜெர்மனி, இந்தியா, ரஷ்யா வாக்களிக்காமல் விலகின. விலகியவர்கள் ஏன் விலகினோம் என்று சொன்ன உரைகளில் பின்னால் வெடிக்கப்போகும் சண்டைகள் அப்படியே இருக்கும். ஆதரித்தவர்களின் உரையைவிட அவற்றைக் கவனமாகப் படியுங்கள்.

நழுவும் சொற்களையும் தேடுங்கள். சியரா லியோனுக்கான 1270ஆம் தீர்மானம் 1999ல் மக்களைக் காக்கும் பொறுப்பை ஐ.நா. படைக்குக் கொடுத்தபோது, அதன் திறனுக்கும் நிறுத்தப்பட்ட பகுதிகளுக்கும் உட்பட்டு என்று சேர்த்தது. இந்தத் தொடர் பிறகு வந்த பல ஆணைகளில் ஒட்டிக்கொண்டது. போஸ்னியாவில் ஐ.நா. பாதுகாப்பு வலயங்களாக அறிவித்த ஊர்களுக்கான 836ஆம் தீர்மானத்தில் அந்த ஊர்களைக் காத்து நிற்க வேண்டும் என்ற வாசகமே இல்லை. தாக்குதல் நடக்காதபடி அச்சுறுத்தி வைக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

கடைசியாகக் காலக்கெடு. சோமாலியாவுக்கான ஆப்பிரிக்க ஒன்றியப் படைக்கு 2007 பிப்ரவரி 20 அன்று 1744ஆம் தீர்மானம் கொடுத்த அனுமதி 6 மாதம். அது 2022 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது, பிறகு வேறு பெயரில் தொடர்ந்தது. காலக்கெடுவை முடியும் நாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசகம் மாறக்கூடிய நாளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நீட்டிப்பையும் முந்தையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாறிய சொற்களை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள்.

சொந்த நாட்டில் ஓடும் கடிகாரம்

படையை அனுப்பும் நாட்டுக்குள்ளும் தாள்கள் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரெஞ்சு அரசியலமைப்பின் 35ஆம் பிரிவுப்படி மூன்று நாட்களுக்குள் நாடாளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும், நான்கு மாதம் தாண்டினால் அதன் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுப் போர் அதிகாரத் தீர்மானத்தில் 48 மணி நேரத்தில் அறிக்கை, 60 நாள் வரம்பு. லிபியாவில் அந்த 60 நாள் கடந்தபோது, அங்கே நடப்பது சட்டம் சொல்லும் பகைமைச் செயல் அல்ல என்று வெள்ளை மாளிகை வாதிட்டது. ஜெர்மன் நாடாளுமன்ற ஆணைகள் தனிப் பொக்கிஷம்: படை உச்சவரம்பு, செயல்படும் பகுதி, செலவு மதிப்பீடு, முடியும் தேதி எல்லாம் ஒரே ஆவணத்தில் இருக்கும். ஜெர்மனி சேர்ந்திருக்கும் தலையீடு என்றால் முதலில் அங்கே போங்கள்.

எண்ணிக்கை

அறிவிக்கப்படும் எண்களில் மூன்று வகை உண்டு: அனுமதித்த உச்சவரம்பு, உண்மையில் வந்து சேர்ந்தவர்கள், சண்டைக்குப் போகக்கூடியவர்கள். இவற்றுக்கு மூன்று நெடுவரிசைகள் போடுங்கள். மூன்றாவதை யாரும் வெளியிடமாட்டார்கள். தளவாடம், மருத்துவம், பொறியியல், தலைமையகம் போக மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். அவர்களும் காவல், ஓய்வு, தயார்நிலை என்று முறை வைத்து இயங்குவதால் ஒரு நேரத்தில் தெருவில் இருப்பவர்கள் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான். 1,000 பேர் வந்திருக்கிறார்கள் என்றால் இந்த நிமிடம் ரோந்தில் 100 பேர் இருந்தாலே அதிகம்.

பிறகு மக்கள்தொகையோடு வகுத்துப் பாருங்கள். 1,000 பேருக்கு 20 படையினர் என்ற அளவு 2006ல் வந்த அமெரிக்கத் தரைப்படைக் கையேட்டில் இருக்கிறது. அது சட்டமல்ல, ஆனால் ஒப்பிட உதவும். கொசோவோவில் சுமார் 20 லட்சம் மக்களுக்கு 50,000 படையினர்: 1,000 பேருக்கு 25. போஸ்னியாவில் 1995 டிசம்பருக்குப் பிறகு 60,000 பேர்: சுமார் 15. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை ஏறக்குறைய 1 லட்சம், மக்கள் ஒன்றரைக் கோடி அளவில்: 7க்குள். மாலியில் ஐ.நா. படையின் உச்சவரம்பு 13,289 படையினர்: ஒன்றுக்கும் கீழே. எண் சிறியதாக இருந்தால் தோற்கும் என்று பொருளில்லை. அந்தப் படையால் நகரங்களையும் சாலைகளையும் மட்டுமே பிடித்து வைக்க முடியும் என்று பொருள். அதற்குமேல் அறிவித்திருந்தால் அறிவிப்புக்கும் கைக்கும் இடையே உள்ள இடைவெளியை எழுதி வையுங்கள்.

அந்த இடைவெளி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தப் பாதுகாப்பு வலயங்களில் ஒன்றான ஸ்ரெப்ரெனிட்சாவைவிட வேறு சான்று வேண்டாம். போஸ்னியாவின் பாதுகாப்பு வலயங்களில் தாக்குதலைத் தடுக்கும் வலிமை வேண்டுமானால் கூடுதலாக 34,000 பேர் தேவை என்று ஐ.நா. பொதுச்செயலாளரின் அறிக்கை 1993 ஜூனில் சொன்னது. சபை தேர்ந்தெடுத்தது சுமார் 7,600 பேர் கொண்ட சிக்கன வழியை. 1995 ஜூலை 11 அன்று ஊர் விழுந்தபோது அங்கிருந்தவர்கள் இலகு ஆயுதம் தாங்கிய சில நூறு டச்சு வீரர்கள். அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். இரண்டு எண்களும் பொது ஆவணத்திலேயே, இரண்டு ஆண்டுகள் முன்பிருந்தே கிடந்தன.

எண்ணும்போது வழக்கமாக நேரும் பிழை: படைமாற்றம் நடக்கும் வாரத்தில் வருபவரும் போகிறவரும் சேர்ந்து கணக்கில் ஏறிவிடுவார்கள். திடீரென்று 30 சதவீதம் கூடியதாகத் தெரிந்தால் இரண்டு வாரம் பொறுத்து எழுதுங்கள்.

எப்போது சுடலாம்

சுடுவதற்கான விதிகள் பெரும்பாலும் ரகசியம். ஆனால் ஒரு சம்பவத்துக்குப் பிறகு வரும் விசாரணை அறிக்கையில் வெளியே வந்துவிடும். லெபனான் தலைநகர் பெய்ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 ஏப்ரலில் அமெரிக்கத் தூதரகம் தகர்க்கப்பட்ட பிறகு, தூதரகத்தைக் காத்த கடற்படைக் காலாட்களுக்கு நீல அட்டையில் ஒரு விதி, விமான நிலையத்தில் இருந்தவர்களுக்கு வெள்ளை அட்டையில் இன்னொரு விதி. வெள்ளை அட்டைக்காரர்கள், உடனடித் தற்காப்பு தவிர, கட்டளை வந்தாலொழியத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றக் கூடாது. அக்டோபர் 23 அதிகாலை வெடிமருந்து லாரி முகாமுக்குள் பாய்ந்தபோது, தோட்டாக் கூட்டைச் செருகித் தோட்டா ஏற்றுவதற்குள் அது காவலர்களைக் கடந்துவிட்டது. 241 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். சில நிமிடங்களில் வேறோர் இடத்தில் 58 பிரெஞ்சு வீரர்கள்.

பல நாட்டுப் படை என்றால் ஒவ்வொரு பிரிவும் தன் தலைநகரைக் கேட்டே நடக்கும். 1993ல் சோமாலியத் தலைநகர் மோகாதிஷுவில் ஐ.நா. தலைமைக்கும் இத்தாலியப் பிரிவுக்கும் வெளிப்படையாகவே உரசல் வந்தது. அதே நகரில் அக்டோபர் 3, 4ல் 18 அமெரிக்கர்கள் இறந்த நடவடிக்கை அமெரிக்கக் கட்டளையின் கீழ் நடந்தது, ஐ.நா. கட்டளையின் கீழ் அல்ல. பழி ஐ.நா. மீது விழுந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ‘கட்டளை யாரிடமிருந்து’ என்று ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

நடுநிலை கரையும் நாள்

நடுவராக வந்த படை எந்தக் கட்டத்தில் போரில் ஒரு தரப்பாகிறது என்பதைப் பிடிப்பதே இந்தக் கோப்பின் முக்கிய வேலை. அறிகுறிகள் பெரும்பாலும் முன்பே தெரியும். ஒரு தரப்புக்கு மட்டும் பீரங்கி ஆதரவு, ஒரு தரப்பிடம் மட்டும் ஆயுதக் களைவு, பெயர் சொல்லி ஒருவரைத் தேடும் அறிவிப்பு, உதவி வாகனங்களுக்கு ஒரு தரப்பின் பாதுகாப்பு.

பெய்ரூட்டில் அந்த நாள் 1983 செப்டம்பர் 19. மலையூரான சூக் அல் கர்பில் லெபனான் ராணுவத்துக்காக அமெரிக்கக் கப்பல்கள் குண்டு வீசின. குண்டு லாரி வந்தது ஐந்து வாரம் கழித்து. சோமாலியாவில் 1992 டிசம்பரில் இறங்கிய படையின் வேலை உணவு போய்ச்சேரும் வழியைத் திறப்பது. 1993 மார்ச்சில் 814ஆம் தீர்மானம் ஆயுதக் களைவையும் அரசுக் கட்டமைப்பையும் சேர்த்தது. ஜூன் 5 அன்று 24 பாகிஸ்தான் வீரர்கள் கொல்லப்பட்டார்கள், மறுநாள் 837ஆம் தீர்மானம் பொறுப்பானவர்களைப் பிடிக்கச் சொன்னது. பணி நிவாரணத்திலிருந்து தேடுதல் வேட்டையாக மாற ஆறே மாதம். யாழ்ப்பாணத்தில் இன்னும் வேகம்: 1987 ஜூலை இறுதியில் மாலை போட்டு வரவேற்றார்கள், அக்டோபர் 10 அன்று சண்டை தொடங்கியது, அக்டோபர் 21, 22ல் யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டிய புலிகள் கையெழுத்திடவில்லை. கையெழுத்துப் பக்கத்தில் யார் இல்லை என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் இது முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

வழியும் எரிபொருளும்

வரைபடத்தில் துறைமுகம், விமானத்தளம், எல்லைக் கடவு, சுரங்கப்பாதை, பாலம் ஆகியவற்றை மட்டும் குறியுங்கள். போர் முனையை இரண்டாவது அடுக்கில் வையுங்கள். ஒரு சி-17 விமானம் சுமார் 77 டன் சுமக்கும். 60 டன்னைத் தாண்டும் டாங்கியில் ஒன்றுதான் ஏற்றலாம். ஆகவே கனரகப் படை வருகிறதா என்று தெரிய வேண்டுமானால் விமானங்களைவிடத் துறைமுகத்தைக் கவனிக்க வேண்டும். சிரியாவுக்குப் போன ரஷ்யச் சரக்கில் பெரும்பங்கு துருக்கியின் பாஸ்போரஸ் நீரிணை வழியாகத் தார்தூஸ் துறைமுகத்துக்குப் போனது. கரையில் நின்று படம் எடுத்தவர்கள் கப்பல் போகும்போதும் திரும்பும்போதும் நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதை ஒப்பிட்டே சுமையை ஊகித்தார்கள். 1936ஆம் ஆண்டு மோந்த்ரோ உடன்படிக்கைப்படி போர்க்கப்பல்கள் அந்த நீரிணையைக் கடக்கத் துருக்கிக்கு முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த ஒழுங்கால் கடப்புகள் மறைந்து போவதில்லை.

வழி அண்டை நாட்டின் கையில் இருந்தால் அந்த அண்டை நாடும் கோப்பில் ஒரு தரப்புதான். 2011 நவம்பரில் பாகிஸ்தானின் சலாலா எல்லைச் சாவடியில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்ததும், ஆப்கானிஸ்தானுக்கான தரைவழியைப் பாகிஸ்தான் ஏழு மாதம் மூடியது. வடக்கு வழியாகச் சுற்றிக் கொண்டுபோனதில் மாதம் 10 கோடி டாலர் கூடுதல் செலவு என்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் சொன்னார்.

செயற்கைக்கோள் படம் வேண்டுமானால் ஐரோப்பிய சென்டினல்-2 இலவசம்: 10 மீட்டர் துல்லியம், 5 நாளுக்கு ஒருமுறை. இதில் டாங்கி தெரியாது. ஓடுபாதை நீட்டிப்பு, புதிய எரிபொருள் தொட்டி, கூடாரத் தொகுதி, எரிந்த கிராமம் தெரியும். மேகமூட்டக் காலத்தில் சென்டினல்-1 ரேடார் படத்தை எடுங்கள்.

இல்லை என்று சொல்லும் படைகள்

வெளியே சொல்லாமல் வரும் உதவிக்கு நல்ல மூலம் ஐ.நா. தடைக் குழுக்களின் நிபுணர் அறிக்கைகள். ஆயுத வரிசை எண், விமான வால் எண், கப்பல் அடையாள எண் எல்லாம் பின்னிணைப்பில் இருக்கும். அறிக்கையின் சுருக்கத்தோடு நிறுத்துபவர்கள் நல்ல பகுதியைத் தவறவிடுகிறார்கள். தடையின் எல்லையையும் பாருங்கள். சூடானுக்கான ஆயுதத் தடை அதன் மேற்குப் பகுதியான டார்ஃபூருக்கு மட்டும். ஆகவே 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் தலைநகர் கார்ட்டூமுக்குப் போன ஆயுதமும் டார்ஃபூருக்குப் போன ஆயுதமும் தடைச் சட்டத்தின் முன் ஒன்றல்ல. லிபியாவில் 2020 அக்டோபர் 23 போர்நிறுத்தம், அந்நியப் போராளிகள் மூன்று மாதத்தில் வெளியேற வேண்டும் என்றது. 2021 ஜனவரி 23 கடந்தது, யாரும் போகவில்லை. இப்படிப்பட்ட தேதிகளை முன்கூட்டியே நாட்காட்டியில் போட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

பணமும் வெளியேற்றமும்

ஐ.நா. படை என்றால் உறுப்பு நாடுகளின் பங்களிப்பிலிருந்து பணம் வரும். வீரர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று அரசுக்குத் தரப்படும் தொகை 2018 ஜூலையில் 1,428 டாலராக இருந்தது. அது அரசுக்குப் போவது, வீரர் கையில் எவ்வளவு என்பது அந்தந்த நாட்டைப் பொறுத்தது. சபை அனுமதி மட்டும் பெற்ற கூட்டணிகளுக்கு ஐ.நா. பொதுவாகப் பணம் தராது. சோமாலியாவில் ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் படித்தொகையை ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் 20 சதவீதம் குறைத்தது. அதன் பிறகு படை அனுப்பிய நாடுகள் விலகுவதாகப் பேசின.

வெளியேறும் நேரத்தில் பின்னே விட்டுப்போகும் அரசுக்கு மூன்று கேள்விகள்: ராணுவச் சம்பளம் எங்கிருந்து, எரிபொருள் எங்கிருந்து, விமானங்களைப் பழுது பார்ப்பவர் யார். 1989 பிப்ரவரி 15 அன்று ஆப்கானிஸ்தானிலிருந்து கடைசிச் சோவியத் படை போனபோது, அது ஆதரித்த அதிபர் நஜிபுல்லாவின் அரசு சில மாதம் தாங்கினால் அதிகம் என்றார்கள். மூன்று ஆண்டு தாங்கியது, ஏனென்றால் பணமும் எரிபொருளும் ஆயுதமும் தொடர்ந்து வந்தன. 1992 ஜனவரியோடு உதவி நின்றது, ஏப்ரலில் அரசு விழுந்தது. 2021ல் ஆப்கான் விமானப்படையைப் பராமரித்த வெளிநாட்டு ஒப்பந்தத் தொழில்நுட்பர்கள் படையோடு சேர்ந்தே வெளியேறினார்கள். கடைசி அமெரிக்க விமானம் புறப்பட இன்னும் இரண்டு வாரம் இருக்கையில், ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. படை வெளியேறும் தேதியைவிட உதவி முடியும் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

வெளியேற்றம் வேறொரு நாட்டு விவகாரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் பொதுவாக ஒழுங்காக நடக்கிறது. அங்கோலாவிலிருந்து கியூபப் படை விலகுவது, நமீபியா விடுதலையோடு சேர்த்து 1988 டிசம்பர் 22 உடன்படிக்கையில் கால அட்டவணை போட்டு எழுதப்பட்டது. ஐ.நா. பார்வையாளர்கள் தலை எண்ணினார்கள். 1991 மேயில், அட்டவணைக்குச் சற்று முன்பே, கடைசி கியூபர் போனார். அங்கோலாவின் உள்நாட்டுப் போர் அதோடு முடியவில்லை, 2002 வரை நடந்தது.

படை போன பிறகும் கோப்பை மூடாதீர்கள், இழப்பீட்டு வழக்குகளுக்கு வயது அதிகம். காங்கோவில் 1998ல் தொடங்கிய போருக்கு உகாண்டா 32.5 கோடி டாலர் தர வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் உத்தரவிட்டது 2022 பிப்ரவரி 9 அன்று. ஆண்டுக்கு 6.5 கோடி வீதம் ஐந்து தவணை, கடைசித் தவணைக்கான கெடு 2026 செப்டம்பர் 1.